மஞ்சள் தெரியாத காமாலை

"கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு, அப்புறம் எப்படிங்க காமாலை?"

மலேசியாவின் பூச்சோங் பதினான்காம் கட்டையில் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோயில் மண்டபத்தில் நடந்த ரத்ததான முகாமில் அவர் ரத்தம் கொடுத்திருந்தார். சில வாரங்கள் கழித்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தது. அதில் 'ஹெபடைடிஸ் சி' என்று இருந்ததைப் பார்த்து மகனிடம் கேட்டார். மகன் கைப்பேசியில் தேடிவிட்டு, "காமாலையாம்ப்பா" என்றான். கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. இரண்டு மூன்று நாள் சிறுநீரையும் கவனித்தார். நிறம் மாறவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய மனைவி ஒரு மண்டலம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உடம்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. கடிதம் லாரியின் பழைய ரோட் டாக்ஸ் தாள்களோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்தபோதுதான் அவர் மருத்துவமனைக்குப் போனார்.

அவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவரை எல்லாவற்றையும் செய்தவர் அவர். கண்ணைப் பார்த்தார், சிறுநீரைப் பார்த்தார், பத்தியம் இருந்தார், மருந்து குடித்தார். காமாலை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்தது எதையும் அவர் விடவில்லை. பாட்டி அறிந்திருந்த நோயும் இவருக்கு வந்த நோயும் வேறு வேறு என்பதை மட்டும் யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை.

கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருவது ஹெபடைடிஸ் ஏ, ஈ. திடீரென்று வரும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண் எல்லாம் தெரியும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பாட்டிமார் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். அதனால்தான் எந்த வைத்தியம் செய்தாலும் பலித்தது. பி, சி இரண்டும் வேறு வகை. அவை ரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன. பி கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவாலும் போகிறது. கல்லீரலுக்குள் நுழைந்த பிறகு இருபது, முப்பது ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். வலி இருக்காது, மஞ்சள் இருக்காது. கல்லீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகிவிடும். மருத்துவர்கள் சிரோசிஸ் என்று சொல்லும் அந்த நிலைக்கு, சி கிருமி நிலைத்துவிட்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் இருபது ஆண்டுகளுக்குள் போய்விடுகிறார்கள். கண் மஞ்சளாகும்போது நோய் தொடங்குவதில்லை. பல நேரங்களில் அது முற்றிய பிறகுதான் கண்ணில் தெரிகிறது.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழர்களின் இந்த நம்பிக்கையை ஒரு காலத்தில் விஞ்ஞானமே மதித்துச் சோதித்துப் பார்த்தது என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பாரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளைத்தான் உலகம் இன்று ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறது. மூலிகை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அந்தக் கட்டுரை சொன்னது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட பிற இடங்களில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர் மூலிகையை யாரும் ஏளனம் செய்து ஒதுக்கிவிடவில்லை. நேர்மையாகச் சோதித்தார்கள், சோதனையில் அது நிற்கவில்லை. சி கிருமிக்கோ அது மருந்தே கிடையாது. இதைக் குத்திக்காட்டாமல், மரியாதையோடு எடுத்துச் சொன்னால் நம் பெரியவர்கள் கேட்பார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கைங்க" என்று ஓர் இளம் மருத்துவர் ஒரே வரியில் தள்ளிவிட்டால், மருந்து அரைத்துக் கொடுக்கும் அம்மா அடுத்த முறை கீழாநெல்லியையும் விடமாட்டார், அந்த மருத்துவரிடமும் போகமாட்டார்.

இவ்வளவு வருத்தத்தோடு எழுதக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி இன்று குணப்படுத்தக்கூடிய நோய். அதுவும் மலேசியாவில்.

2013இன் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. அதற்கு முன்பு வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, ஓராண்டு வரை காய்ச்சலும் முடி உதிர்வும் மனச்சோர்வுமாக நோயாளி அவதிப்பட வேண்டியிருந்தது. அப்படியும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் குணமானது. புது மாத்திரை வேறொரு மாத்திரையோடு சேர்ந்து பன்னிரண்டு வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம் தந்தது. விலைதான் தடை. அன்று அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர். ஒருவரின் முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். ஏழை நாடுகளுக்குக் குறைந்த விலையில் விற்க ஒப்பந்தங்கள் வந்தன. மலேசியா நடுத்தர வருமான நாடு என்பதால் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படாமலே இருந்தது. அன்றைய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

2017 செப்டம்பரில் மலேசிய அரசு காப்புரிமைச் சட்டத்தின்கீழ் தனக்கிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதி இல்லாமலே, அரசு மருத்துவமனைகளின் தேவைக்காக மலிவு மருந்தை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. சோஃபோஸ்புவிருக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. அறிவித்த சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியம். அமெரிக்க மருந்து நிறுவனங்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. அரசு பின்வாங்கவில்லை. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவருக்கான மருந்துச் செலவு ஏறத்தாழ 300 டாலருக்கு இறங்கியது. நம் சமூகத்திலிருந்து போன ஓர் அமைச்சர் எடுத்த மிகப் பெரிய முடிவுகளில் இது ஒன்று என்பது என் கருத்து. நம் மேடைகளில் இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

மருந்து எகிப்திலிருந்து வந்தது. இதற்குப் பின்னால் ஒரு சோக வரலாறு உண்டு. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை எகிப்திய அரசு நத்தைகள் வழியாகப் பரவும் ஒரு புழு நோயை ஒழிப்பதற்காகக் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்டது. ஒரே ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பலருக்குப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவியது. உலகிலேயே மிக அதிகப் பாதிப்பு உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. பிறகு அந்த நாடே மருந்தைத் தயாரித்தது. 2018 அக்டோபர் தொடங்கி ஏழே மாதத்தில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்தது. மசூதி வாசலிலும் ரயில் நிலையத்திலும் மேசை போட்டுச் செய்தார்கள். வா என்று அழைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருக்கவில்லை, மக்கள் இருக்குமிடத்துக்குப் போனார்கள்.

எகிப்தின் கதையைப் படித்தபோது எனக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர்களின் நினைவு வந்தது. காசல்ஃபீல்டிலும் கின்ராராவிலும் இன்னும் எத்தனையோ தோட்டங்களிலும் ஒரு தலைமுறைக்கு அவர்கள்தான் டாக்டர். கண்ணாடிக் குழல் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் போட்ட காலம் அது. உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஹெபடைடிஸ் சி கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஊசி போட்டுக்கொண்டவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் பூச்சோங் பெர்டானா அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். போதை ஊசி போட்டவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்ற பேச்சு அவர்களை வாயைத் திறக்கவிடாமல் செய்கிறது. நம் நாட்டில் போதை ஊசி ஒரு முக்கியமான பரவல் வழி என்பது உண்மை. அதற்காக நோய் வந்தவர் எல்லோரையும் அந்தக் கண்ணோடு பார்ப்பது நியாயமில்லை. உண்மையிலேயே இளம் வயதில் போதையில் விழுந்து எழுந்து வந்தவராக இருந்தாலும், அவருக்கும் மருந்து பெறும் உரிமை இருக்கிறது.

மருந்து இலவசம் என்றால் எல்லோரும் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். 2022இல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 5 கோடிப் பேருக்கு சி. பி உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தமக்கு நோய் இருப்பதே தெரியும். மருந்து எடுப்பவர்கள் 3 பேர். சி உள்ளவர்களில் தெரிந்தவர்கள் 36, சிகிச்சை பெற்றவர்கள் 20. ஒரு நாளைக்கு 3,500 பேர் சாகிறார்கள். தடுப்பூசியும் மருந்தும் கையில் இருக்கும் காலத்தில் நடக்கும் சாவு இது.

சிகிச்சைக்குப் போகும் வழியில் நம் ஊர் ஆட்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். பூச்சோங்கைச் சேர்ந்த ஒரு பெண், வயது பத்தொன்பது இருக்கும். அப்பாவுடன் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். அப்பாவுக்கு மலாய் தெரியும். ஆனால் கடையில் பொருள் வாங்கும் மலாய் வேறு, கல்லீரலைப் பற்றிப் பேசும் மலாய் வேறு. அதனால் மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறாள். மருத்துவர் தன் கடமைப்படி வரிசையாகக் கேட்கிறார். முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா? பச்சை குத்தியதுண்டா? போதை ஊசி போட்டதுண்டா? மனைவியைத் தவிர வேறு பெண்களோடு உறவு உண்டா? முதல் இரண்டை அந்தப் பெண் கேட்டாள். மூன்றாவதைத் தடுமாறிக் கேட்டாள். நான்காவதை அப்பாவிடம் கேட்கவே இல்லை. "இல்லைங்கறாரு" என்று அவளே மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். மருத்துவர் மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை பற்றி ஐந்து நிமிடம் பேசியதை வெளியே வந்ததும் அப்பாவுக்கு ஒரே வரியில் சுருக்கினாள்: "ஒண்ணும் பயமில்லையாம், திரும்பி வரச் சொன்னாங்க." இதையெல்லாம் அவளே பிற்பாடு சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளைமீது என்ன தவறு? பெற்ற தகப்பனிடம் கேட்கக்கூடாத கேள்வியை ஒரு மகளின் வாயில் வைத்த ஏற்பாடுதான் தவறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதிகளும் மருந்தாளர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரை இந்த மாதிரி நேரத்தில் பத்து நிமிடம் கூப்பிட்டு உட்கார வைப்பதை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ளலாம். தமிழில் விளக்கம் பெறுவது நோயாளிக்குக் காட்டும் சலுகை என்று நான் நினைக்கவில்லை. அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

அடுத்த இடறல், இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் இருக்கிறது. சி கிருமிக்கு முதலில் எடுப்பது எதிர்ப்புப் பொருள் சோதனை. விரலில் குத்திச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அது 'பாசிட்டிவ்' என்றால் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும் பொருள். ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு மருந்தே இல்லாமல் கிருமி போய்விடும். இப்போது இருக்கிறதா என்று அறிய இரண்டாவது சோதனை வேண்டும். அதற்கு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவுக்குத் திரும்பி வர வேண்டும், பிறகு பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் லெட்டர், அங்கே ஒரு டேட். தினச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு டேட்டும் ஒரு நாள் கூலி. மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான், ஆனால் லாரி நின்றால் நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும் ஒருவர் மூன்றாவது தடவை வராமல் போவதில் வியப்பில்லை. நம் நாட்டில் ஆரம்ப சுகாதார கிளினிக்குகளிலேயே விரல்குத்துச் சோதனையும் சிகிச்சையும் கொடுக்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. அதை எல்லா கிளினிக்கிலும் வழக்கமாக்க வேண்டும். மாலையிலும் சனிக்கிழமையிலும் ஒரு மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும்.

குணமானவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கிருமி போன பிறகும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் ஆயுள் முழுவதும் இருக்கும். பிறகு எப்போதாவது வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தால் மறுபடியும் 'பாசிட்டிவ்' வரும். "குணமாகலையா?" என்று அவர் இடிந்துபோவார். மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது சோதனையின் தாளை அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்த அதிர்ச்சி வேண்டியதில்லை.

ஹெபடைடிஸ் பி இன்னும் கொஞ்சம் நுட்பமான கதை. இதற்கு முழுக் குணம் இன்னும் இல்லை. தினம் ஒரு மாத்திரையில் கிருமியை அடக்கி வைக்கலாம். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் கண்காணிப்பு தேவை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், ஸ்கேன். சிரோசிஸ் வராமலே கல்லீரல் புற்றுநோய் வரக்கூடிய நோய் இது. இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. "நீங்க கேரியர்தான், மருந்து வேண்டாம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். மருந்து வேண்டாம் என்பது இனி வர வேண்டாம் என்று அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ரோஸ்மாவாத்தி முகமட்டும் அவர் குழுவும் கல்லீரல் கிளினிக்குக்கு ஒழுங்காக வரும் ஹெபடைடிஸ் பி நோயாளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, தொடர்ந்து மருத்துவரைப் பார்ப்பவர்களிடமே நோயைப் பற்றிய அறிவில் இடைவெளிகள் இருப்பதைக் காட்டியது. வராதவர்களின் நிலை என்னவாக இருக்கும்?

இந்த நாடு 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு வருகிறது. பிறந்தவுடன் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு வந்தால் இருபதில் ஒருவருக்குக்கூட நிலைப்பதில்லை. அதனால் பிறந்த அன்றே போடும் ஊசி உயிர் காக்கும் ஊசி. ஆனால் 1989க்கு முன்னால் பிறந்தவர்கள் இந்த வேலிக்கு வெளியே இருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மனைவியும் கணவரும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று வந்தால் ஆறு மாதத்தில் மூன்று ஊசி. அவ்வளவுதான் பாதுகாப்பு.

அதற்குப் பதிலாக நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தட்டும் டம்ளரும் தனியாகிவிடுகின்றன. மாமியார் பேரப்பிள்ளையைத் தொடவிடுவதில்லை. கல்யாணப் பேச்சில் ஒரு தாள் கசிந்தால் சம்பந்தம் முறிகிறது. பி, சி இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது, கட்டிப்பிடிப்பதால் வராது, இருமலால் வராது. பிரித்து வைக்க வேண்டியது சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். தைப்பூசத்துக்கு மொட்டை அடிக்கும்போதும் பிரிக்பீல்ட்ஸ் சலூனில் உட்காரும்போதும் "புது பிளேடு போடுங்க தம்பி" என்று சொல்ல வேண்டும். அலகு குத்துபவர்களிடமும் காது குத்துபவர்களிடமும் ஒரு ஊசி ஒருவருக்கு மட்டும்தானா என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம்.

நம் வீடுகளில் நீரிழிவு அதிகம், அதைத் தொடர்ந்து டயாலிசிஸும் அதிகம். ரத்தம் இயந்திரத்தின் வழியாகப் போய்வரும் சிகிச்சை என்பதால் ஹெபடைடிஸ் உள்ளவர்களுக்கு இங்கே தனி இயந்திரம் ஒதுக்குகிறார்கள். தனி இயந்திரம் இல்லாத மையம் அவரை ஏற்காது. கிள்ளானில் இருப்பவர் இடம் தேடி வேறொரு ஊருக்கு வாரம் மூன்று முறை போகும் நிலை வருகிறது. சி கிருமியை மாத்திரையால் நீக்கிவிட முடியும் என்ற நிலையில், டயாலிசிஸ் நோயாளிகளைத்தான் சிகிச்சைக்கு முதலில் அனுப்ப வேண்டும்.

கடைசியாக, நம் சாப்பாட்டுக் கடைகளில் இலை போட்டுப் பரிமாறும் தம்பிமார்களைப் பற்றி. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கடன் வாங்கி வந்தவர்கள் அவர்கள். அந்நியத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி தெரிந்தால் 'தகுதியில்லை' என்று முடிவு வருகிறது. திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சாப்பாட்டின் வழியாகப் பரவாத நோய்க்காக ஒரு சமையல்காரரை அனுப்பிவிடுவது சரியா என்பதை அரசு மறுபடியும் யோசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த விதி மாறும்வரைக்கும், முதலாளிமார்களும் முகவர்களும் ஒன்றாவது செய்யலாம். இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊருக்குப் போகும் தம்பியின் கையில் விமானச் சீட்டோடு அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவையும் கொடுங்கள். "ஊருக்குப் போனதும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில இதைக் காட்டு, காசு கேட்க மாட்டாங்க, வீட்டுல எல்லாரையும் ஊசி போட்டுக்கச் சொல்லு" என்று தமிழில் சொல்லி அனுப்புங்கள்.